அறுபது நாளைப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்

க்யிம்யிண்டைங்கில் நாங்கள் முதலில் எடுத்த வீடு ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது. யாங்கூனில் மேலே போகப் போக வாடகை குறையும்; முட்டியை நம்பி எடுத்த முடிவு. மாசாமாசம் வாடகை கொடுக்கும் வழக்கமும் இங்கே குறைவு. ஆறு மாதமோ ஒரு வருஷமோ மொத்தமாக எண்ணி வைத்தால்தான் சாவி கைக்கு வரும். நாங்கள் ஒரு வருஷ வாடகையும், அதற்கு மேல் இரண்டு மாத அட்வான்ஸும், தரகருக்கு ஒரு மாத வாடகையும் கொடுத்தோம். ஒப்பந்தம் மூன்று பக்கம், முழுக்கப் பர்மிய மொழியில். "ஒரு வருஷம் சார், அவ்வளவுதான்" என்றார் தரகர். கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆபீஸில் யாராவது கோடைப் படிக்காமல் மெர்ஜ் பண்ணினால் கத்துகிற ஆள் நான்!

வருஷம் முடியும் நேரத்தில், ஊரிலிருந்து அம்மா எங்களோடு வந்து இருப்பதாக முடிவானது. முட்டி வலிக்காரர். ஐந்து மாடி ஆகாது. ஒப்பந்தம் ஜூன் 15-இல் முடிகிறது, ஏப்ரல் 20-ஆம் தேதியே சொல்கிறோமே, தாராளமான அவகாசம் என்றுதான் நினைத்தேன். பதிலுக்கு வீட்டுக்கார அம்மா ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார்.

அதைக் கீழ் வீட்டு அக்காவிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். வீட்டில் பேசுவது தமிழ், படித்தது பர்மியம். அவருக்குத் தமிழ் எழுத்து வராது, எனக்குப் பர்மிய எழுத்து வராது. (எங்கள் பிள்ளைகள் தலைமுறை எப்படி இருக்கும் என்ற யோசனை அப்போதும் வந்து போனது.)

"தம்பி, காலி பண்றதா இருந்தா அறுபது நாள் முன்னாடியே எழுதிக் கொடுக்கணுமாம். கொடுக்கலைன்னா இன்னொரு வருஷம் இருக்கீங்கன்னு அர்த்தம். வாடகை அப்போதைய ரேட்டு. போறேன்னு சொன்னா அட்வான்ஸ் கிடையாது."

ஜூன் 15-இலிருந்து அறுபது நாள் பின்னால் போனால் ஏப்ரல் 16. திங்யான், தண்ணீர்த் திருவிழா. ஊரே கடையை அடைத்துவிட்டு நனைந்துகொண்டிருந்த நாள். நாங்கள் நாலு நாள் தாமதம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மியன்மாரின் 1987-ஆம் வருஷச் சட்டம் ஒன்று, வெளிநாட்டவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் வீட்டைக் குத்தகைக்கு விடுவதைத் தடுக்கிறது. அதை வைத்து வாதாடியிருக்கலாம். ஆனால் வாதாடுகிறவன் நான். பணம் இருப்பது அந்தம்மா பீரோவில். அக்காதான் இரண்டு முறை போய்ப் பேசினார். ஒரு மாத அட்வான்ஸ் திரும்பி வந்தது, இன்னொன்று போச்சு.

நீங்கள் இருக்கும் ஊரில் கதை வேறாக இருக்கலாம். நியூயார்க் மாநிலத்தில், நீங்கள் தகவல் சொல்ல வேண்டிய கெடுவுக்கு 15 முதல் 30 நாள் முன்னதாக வீட்டுக்காரர் எழுத்தில் நினைவுபடுத்த வேண்டும்; இல்லாவிட்டால் தானாகப் புதுப்பிக்கும் பிரிவு செல்லாது. ஒன்டாரியோவில் ஒரு வருஷ ஒப்பந்தம் முடிந்தால், அது தானாகவே மாதாமாத வாடகையாக மாறும். பிறகு 60 நாள் நோட்டீஸ் கொடுத்துக் கிளம்பலாம். ஆகவே "தானாகப் புதுப்பிக்கப்படும்" என்ற வரியைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம். எதுவாகப் புதுப்பிக்கிறது, இன்னொரு வருஷமாகவா, மாதக் கணக்காகவா என்று பாருங்கள். வாடகை அதேதானா? தகவலை மெசேஜில் அனுப்பினால் போதுமா, கடிதம் வேண்டுமா? புரியாத மொழி என்றால், வீட்டைக் காட்டியவரைத் தவிர வேறு ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். கெடு நாளைக் கையெழுத்துப் போடும் அன்றே எண்ணி, அதற்கு இரண்டு வாரம் முன்னால் போனில் அலாரம் வைத்துவிடுங்கள், இருவர் போனிலும். பிள்ளைகளின் பரீட்சை, ஊர்ப் பயணம், பண்டிகை எல்லாம் சரியாக அந்த வாரத்தில்தான் வந்து நிற்கும்.

இப்போது இரண்டு தெரு தள்ளி, முதல் மாடியில் இருக்கிறோம். புது ஒப்பந்தத்திலும் அதே வரி இருந்தது! அடித்துவிட்டு, "இருவரும் புதிதாகக் கையெழுத்திட்டால் மட்டுமே தொடரும்" என்று எழுதச் சொன்னேன். வீட்டுக்காரர் மறுப்பே சொல்லவில்லை. கடையில் விற்கும் ஃபாரமாம், அவரும் படித்ததில்லையாம்.

எங்கள் பழைய ஐந்தாவது மாடிக்கு இன்னொரு குடும்பம் வந்திருக்கிறது. சாமான் ஏற்றுகிற அன்றே அக்கா மேலே போய் இரண்டாம் பக்கத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டாராம்.