விழுந்தவருக்குக் கொஞ்சம் நேரம்

2020 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம், 13ஆம் கட்டம். பிரெஞ்சு வீரர் ரோமன் பார்டே நல்ல வேகத்தில் போய் விழுந்தார். எழுந்தார், கால் துவண்டு மறுபடியும் சாய்ந்தார். பிறகு சைக்கிளில் ஏறி, மீதி மலைகளையும் கடந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டார். அன்றிரவு ஸ்கேன் எடுத்தபோதுதான் மூளையில் சிறு ரத்தக்கசிவு இருப்பது தெரிந்தது. மறுநாள் அவர் கிளம்பவில்லை.

டிவியில் அதைப் பார்த்து நானும் கைதட்டினேன். இன்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

இந்தப் பந்தயம் 21 கட்டங்கள், ஏறக்குறைய 3,400 கி.மீ. அடிபட்டவருக்குப் பதில் ஆள் இறக்க வழியில்லை. முதலிடம் பிடித்தவர் வந்தபின் குறிப்பிட்ட கெடுவுக்குள் வந்து சேராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் விழுந்தவரின் கை முதலில் சைக்கிளைத்தான் தேடும். ஓடும் டாக்டர் காரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையின் முழங்கையை நீட்டி மருந்து போட்டுக்கொள்வார்கள். இரவில் படுக்கை விரிப்பு காயத்தில் ஒட்டிக்கொள்ளும். விடிந்ததும் அதைப் பிய்த்தெடுத்துவிட்டு மறுபடி மலை. இறக்கத்தில் மணிக்கு 80 கி.மீ. வேகம், உடம்புக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே மெல்லிய லைக்ரா துணி மட்டுமே.

இந்த வைராக்கியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதுவே அவர்களுக்கு எமனாகவும் வந்திருக்கிறது. 1991இல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபோது வீரர்களே எதிர்த்து நின்றார்கள், விதி திரும்பப் பெறப்பட்டது. 1995 ஜூலை 18 அன்று பிரனீஸ் மலையின் போர்த்தே தாஸ்பே இறக்கத்தில் ஃபாபியோ கசார்த்தெல்லி வெறுந்தலையோடு விழுந்து இறந்தார். பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இத்தாலியர், வயது 24. அவருடைய சைக்கிளை இத்தாலியின் கிசால்லோ மலைத் தேவாலயத்தில் வைத்திருக்கிறார்கள். அப்போதும் விதி வரவில்லை. 2003இல் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் அந்திரேய் கிவிலெவ் என்ற வீரரும் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து இறந்த பிறகுதான் வந்தது. நடுவில் எட்டு வருடம்!

தலையில் அடிபட்டவரைச் சோதிக்க இப்போது நெறிமுறை உண்டு. ஆனால் சாலையோரத்தில் டாக்டர் அவர் கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்கும்போதும் பந்தயக் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. மற்ற வீரர்களின் கூட்டம் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கும்போது எந்த வீரர் பொறுமையாக உட்கார்ந்து பதில் சொல்வார்? அந்தச் சில நிமிடங்களை அவர் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.