எறிவதற்கென்றே செய்த கவசம்

கொரோனாத் தொற்றால் முகக்கவசங்களுக்குத் தட்டுப்பாடு நிலவியபோது, 2020 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஓர் அவசர அனுமதி வழங்கியது. மருத்துவமனைகளில் ஒருமுறை அணிந்து கழற்றிய என்-95 முகக்கவசங்களை வாங்கி, கிருமி நீக்கித் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரின் பட்டேல் ஆய்வு நிறுவனத்துக்குச் சொன்னது. ஆனால் நாளொன்றுக்கு 10,000 கவசங்கள்தான். கிருமி நீக்கும் ஓர் இயந்திரமே ஒரு நாளில் 80,000 கவசங்களைத் தாங்கும்போது இந்த வரம்பு எதற்கு என்று ஒஹாயோ ஆளுநர் மைக் டிவைன் வெளிப்படையாகவே கண்டித்தார். மறுநாளே வரம்பு நீங்கியது.

சாதாரண காலத்தில் ஒரு டாலர்கூடப் பெறாத பொருள் அது. அதற்காக உலகின் பெரும் பணக்கார நாடு, செவிலியர்களின் வியர்வை படிந்த பழைய கவசங்களைப் பையில் கட்டிச் சேகரிக்கும் நிலைக்கு வந்திருந்தது. கப்பலில் ஏற்றும் கண்டெய்னர்களைப் போன்ற அறைகளுக்குள் கவசங்களை அடுக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியைச் செலுத்தினார்கள். இப்படி ஒரே கவசத்தை 20 முறை வரை சுத்தம் செய்யலாம் என்று அனுமதி கூறியது. நாடெங்கும் 60 இயந்திரங்களை நிறுவ, 41.5 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தமும் கையெழுத்தானது.

இத்தனை பாடு எதற்கு, சோப்பு போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தால் போதாதா? அந்த ஆண்டு நம் ஊரிலும் எத்தனையோ வீட்டுக் கொடிகளில் என்-95 கவசங்கள் துணிகளோடு துணியாகக் காய்ந்தன. அங்கேதான் பிழை. என்-95 வெறும் சல்லடை அல்ல. அதன் நடு அடுக்கில் உள்ள பாலிப்ரொப்பிலீன் இழைகளில் நிலைமின்சாரம் ஏற்றப்பட்டிருக்கும். தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதைப் போல, அந்த இழைகள் நுண்துகளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மூச்சுவிடச் சிரமமில்லாமல், வடிகட்டுவதற்கு மிகக் கடினமான 0.3 மைக்ரான் அளவுத் துகள்களிலும் 95 சதவீதத்தைத் தடுக்க முடிவது இந்த மின்னூட்டத்தால்தான். ஆல்கஹாலும் சோப்பும் அதை அழித்துவிடும். பார்வைக்குக் கவசம் பளிச்சென்று இருக்கும். காக்கும் வேலையில் பாதி போயிருக்கும். சுத்தம் செய்துவிட்டோம் என்ற நம்பிக்கையோடு நோயாளியின் அருகே போகிறவருக்கு இதைவிட ஆபத்து வேறில்லை.

இழைகளுக்கு மின்னூட்டம் ஏற்றும் ஒரு முறையை 1990களில் டென்னசி பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர் தைவானில் பிறந்த பீட்டர் சாய். ஓய்வுபெற்று வீட்டில் இருந்த அவரைத் தேடி 2020இல் கேள்விகள் குவிந்தன. அவர் மறுபடி ஆராய்ச்சியில் இறங்கி, ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸ் உலர் வெப்பத்தைப் பரிந்துரைத்தார். ஸ்டான்ஃபோர்டில் யி சூயியும் நோபல் பரிசு பெற்ற ஸ்டீவன் சூவும் அடங்கிய குழு, 85 டிகிரி வெப்பத்தில் 50 முறை சூடேற்றிய பிறகும் வடிகட்டும் திறன் குறையவில்லை என்று கண்டது. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் எளிமையாக யோசித்தார்கள். அடுப்பங்கரையில் இருக்கும் மின்சாரக் குக்கரில் தண்ணீர் ஊற்றாமல், 100 டிகிரியில் 50 நிமிடம் வைத்தால் கவசம் தேறுகிறது என்று காட்டினார்கள். நெப்ராஸ்கா மருத்துவ மையத்தில் கம்பிகளில் கவசங்களைத் தொங்கவிட்டுப் புற ஊதாக் கதிர் பாய்ச்சினார்கள். சில வாரங்களுக்குள் இவ்வளவையும் செய்து முடித்த அந்த உழைப்பு போற்றத்தக்கது.

ஆனாலும் கிருமி சாவது கதையில் ஒரு பாதிதான். கவசம் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். 2020க்கு முன்பே பட்டேல் நடத்தியிருந்த ஆய்வில், பெராக்சைடு ஆவி 50 முறை பட்ட பிறகும் வடிகட்டி தாக்குப்பிடித்தது. கவசத்தின் எலாஸ்டிக் பட்டைதான் முந்திக்கொண்டு கெட்டது. ஆய்வகத்தில் ஆவியை மட்டுமே சந்தித்த கவசத்தின் நிலை அது. எட்டு மணி நேரம் அணிந்து, பலமுறை கழற்றி மாட்டி, வியர்வையில் ஊறிய கவசத்தின் பட்டை என்ன ஆகும்? செவிலியர்கள் இதைத்தான் கேட்டார்கள். கேட்டதில் முழு நியாயம் இருந்தது. 2021 ஜூன் இறுதியில் உணவு, மருந்து நிர்வாகம் கிருமி நீக்க அனுமதிகளை எல்லாம் திரும்பப் பெற்றது. புதிய கவசங்கள் போதிய அளவு கிடைக்கத் தொடங்கியிருந்தன.

வேறு வழியில்லாத நேரத்தில் செய்ததைக் குறை சொல்லக்கூடாது. கவசமே இல்லாமல் நிற்பதைவிடச் சுத்தம் செய்த பழைய கவசம் மேல். குறை அதற்கு முந்தைய ஆண்டுகளில் இருக்கிறது. 2006இலேயே அமெரிக்காவின் மருத்துவ நிறுவனத்தின் (Institute of Medicine) நிபுணர் குழு, ஒருமுறை பயன்படுத்தும் என்-95 கவசத்தைப் பாதுகாப்பாகக் கிருமி நீக்கும் முறை எதையும் தன்னால் அடையாளம் காண முடியவில்லை என்று எழுதி வைத்தது. 2009 பன்றிக்காய்ச்சலின்போது அமெரிக்காவின் தேசியக் கையிருப்பிலிருந்து கோடிக்கணக்கான கவசங்கள் வெளியே போயின. அந்த இடம் உரிய அளவு நிரப்பப்படவே இல்லை. எச்சரிக்கையும் கையில் இருந்தது, பதினோரு ஆண்டு அவகாசமும் இருந்தது.

இன்னும் பின்னோக்கிப் போனால், கவசம் என்றாலே திரும்பப் பயன்படுத்துவது என்றுதான் இருந்தது. 1910-11 மஞ்சூரியக் கொள்ளைநோயின்போது பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன்-தே பரப்பிய கவசம் வெறும் பஞ்சும் காஸ் துணியும்தான். அறுவை அரங்குகளில் பருத்திக் கவசங்களைத் துவைத்து, ஆட்டோகிளேவில் வேகவைத்து மறுபடி கட்டிக்கொண்டார்கள். 1960களில்தான் காகிதமும் செயற்கை இழையும் வந்து, எறிவதே நாகரிகம் என்றானது. நான்கு மடிப்புப் பருத்தி மஸ்லின் கவசம், அன்று புழக்கத்திலிருந்த காகிதக் கவசங்களை விஞ்சியது என்று 1975இல் ஓர் ஆய்வு சொன்னது. அதற்குள் துவைக்கும் கவசம் ஆஸ்பத்திரிகளை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

பழைய மஸ்லினுக்கே திரும்ப வேண்டியதில்லை. தொழிற்சாலைத் தொழிலாளர்கள் பல்லாண்டாக அணியும் சிலிகோன், ரப்பர் கவசங்கள் இருக்கின்றன. வடிகட்டி தனியே கழன்று வரும். முகத்தில் பொருந்தும் பாகத்தைக் கிருமிநாசினியால் துடைத்து மாதக்கணக்கில் அணியலாம். சான் அன்டோனியோவில் உள்ள டெக்சஸ் மாநிலத் தொற்றுநோய் மருத்துவமனை, காசநோயாளிகளைக் கவனிக்க நெடுங்காலமாக இவற்றையே நம்புகிறது. பிட்ஸ்பர்கின் அலெகெனி மருத்துவக் குழுமம் 2020இல் இவற்றுக்கு மாறியபோது, மாதச் செலவு என்-95க்கு ஆனதில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததாக அதன் மருத்துவர்கள் எழுதினார்கள். குரல் கொஞ்சம் மங்கும், முகத்தில் கனக்கும், துடைக்க ஆள் வேண்டும். எல்லாம் தீர்க்கக்கூடிய சிக்கல்களே.

உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இந்தியர். காற்றில் பரவும் கிருமி நமக்கு எப்போதோ வரும் பெருந்தொற்று அல்ல. நெஞ்சக நோய் வார்டில் பணி செய்யும் செவிலியருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் அது தினசரி விஷயம். ஒரே என்-95ஐ நைந்து போகும்வரை அவர்கள் அணியும்படி விடக்கூடாது. இந்த வார்டுகளுக்குக் கொள்முதல் செய்யும்போது, துடைத்து மீண்டும் அணியக்கூடிய கவசங்களுக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் முன்னுரிமை தர வேண்டும். ஆளுக்கொன்று, அவரவர் முகத்துக்குப் பொருத்திப் பார்த்து, மாற்று வடிகட்டிகளோடு தர வேண்டும். அடுத்த தொற்று வந்த பிறகு டெண்டர் கோருவதில் பயனில்லை. தட்டுப்பாடு இல்லாத இந்த ஆண்டிலேயே அதைத் தொடங்க வேண்டும்.