டிஸ்பென்சரிகளுக்கு ஒரு பரீட்சை

பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வலயக் கல்வி அலுவலர் வருகின்றார். (அக்காலத்து வித்தியாதரிசியின் பெயர்தான் மாறியது, ஆசிரியரின் அச்சம் மாறவில்லை.) உணவுக்கடைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருகின்றார். ஹைலெவல் வீதியிலும் பூர்வாராம வீதியிலும் மாலையானதும் கதவு திறக்கும் டிஸ்பென்சரிகளில் எதனை யார் பரிசோதிக்கின்றனர்? கிருலப்பனைவாசியாகிய நான் நெடுநாளாக எண்ணிவரும் வினா இது.

சட்டம் இல்லாமலில்லை. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின்படி, தனி வைத்தியர் ஒருவர் நடத்தும் சிறு நிலையமும் பதிவு பெறுதல் வேண்டும். அதனை ஆண்டுதோறும் புதுப்பித்தலும் வேண்டும். வைத்தியரின் தகைமைக்கு இலங்கை மருத்துவச் சபையின் பதிவேடு சான்று. போலி வைத்தியர்கள் அகப்பட்ட செய்திகளைப் படித்துவரும் நமக்கு இக்காவல் அற்பமானதன்று. எனினும், சுவரிலே சான்றிதழ் தொங்குவது ஒன்று. நோயாளிக்குக் கிடைத்த வைத்தியம் எத்தகையது என்பது பிறிதொன்று.

இங்கிலாந்தின் ஹைட் நகரில் ஹரல்ட் ஷிப்மன் என்னும் வைத்தியன் 15 நோயாளரைக் கொன்றானென 2000 ஜனவரியில் தீர்ப்பாயிற்று. பின்னர் நடந்த விசாரணை, அவன் கையால் மடிந்தோர் 215 பேரெனக் கண்டது. அவனிடமும் முறையான பட்டம் இருந்தது. நோயாளரின் நன்மதிப்பும் இருந்தது! இன்று அந்நாட்டில், 2009இல் தொழிற்படத் தொடங்கிய பராமரிப்புத் தர ஆணைக்குழு குடும்ப வைத்தியரின் நிலையங்களையும் பரிசோதித்து, மாணவருக்குப் போல நான்கு தரங்களில் ஒன்றை வழங்குகின்றது. நிலையத்தார் அத்தரத்தை எல்லோரும் காணத் தொங்கவிட வேண்டும். ஆனால் 2024இல் அவ்வாணைக்குழுவே தன் பணிக்குத் தகுதியற்றிருக்கிறதென அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் கூறினார். ஆகவே, தரப்பலகையை இங்கு இறக்குமதி செய்வதனால் மட்டும் நம் குறை தீராது.

குறை எங்கே இருக்கிறது? அண்மையில் ஒரு டிஸ்பென்சரியின் வாங்கிலே நானும் மனைவியும் காத்திருந்தோம். எமக்கு முன்னே தமிழ்த் தாயொருத்தி, பத்து வயது மகனுடன் உள்ளே சென்றாள். வைத்தியர் சிங்களத்தில் வினவினார், மகன் மொழிபெயர்த்தான், தாய் “தலையிடி” என்றாள். குளிசைகள் அடங்கிய கடதாசி உறையோடு வெளியே வந்தவள், மகன் சற்று விலகியதும் என் மனைவியின் காதோடு சொன்ன நோய் வேறு. பெற்ற மகனின் வாயால் அதை அவள் எவ்வாறு சொல்லுவாள்? வைத்தியரோ பொறுமையுள்ளவர், தகைமையிலும் குறைவில்லை. எந்தப் பரிசோதகர் வந்து பார்த்தாலும் அந்நிலையம் சித்தியெய்தியிருக்கும்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். நோயாளரின் மொழியில் நோயைப் பேசலாமென்பதை நிலைநாட்ட ஓர் அந்நியர் அவ்வளவு பாடுபட்டார். நாமோ தலைநகரில் அவ்வேலையைப் பத்து வயதுச் சிறுவனிடம் விட்டிருக்கின்றோம்.

வைத்தியர் தரப்பிலும் நியாயமுண்டு. பகலெல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியில் உழைத்துவிட்டு மாலையில் வந்தமர்பவர் பலர். வாசலிலோ நீண்ட வரிசை. 67 நாடுகளை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வொன்று, ஒரு நோயாளியோடு வைத்தியர் செலவிடும் சராசரி நேரம் சுவீடனில் 22 நிமிடத்துக்கும் மேல், வங்காளதேசத்தில் 48 விநாடி எனக் காட்டிற்று. 48 விநாடியில் பெயரையும் வயதையும் கேட்கலாம், வேறென்ன கேட்பது?

பரிசோதகர் உள்ளே சென்று கட்டில் விரிப்பையும் கைகழுவும் தொட்டியையும் பார்க்கட்டும். பின்னர் அரைமணி நேரம் வாசலில் நின்று, வெளியே வருவோர் ஐவரிடம் மூன்று வினாக்கள் விடுக்கட்டும். உமக்கு என்ன நோயென்று சொன்னார்கள்? இக்குளிசையை எப்போது, எத்தனை நாள் விழுங்க வேண்டும்? சொல்ல நினைத்ததையெல்லாம் சொன்னீரா? இவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் கேட்க வேண்டும். விடையைத் துணைக்கு வந்த பிள்ளையிடமன்று, நோயாளியிடமே பெற வேண்டும்.