பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு



அடிபட்டுத் தாய் வீட்டு வாசலில் வந்து நிற்கும் மகளுக்கு நம் குடும்பங்களில் பெரும்பாலும் கிடைப்பது ஒரே அறிவுரைதான்: "சபுர் செய் மகளே, எல்லாம் சரியாகிவிடும்." சபுர் உயர்ந்த பண்பே. ஆனால், அநீதிக்கு உள்ளானவளை மீண்டும் அநீதியின் கைகளில் ஒப்படைப்பதற்குச் சபுர் என்று பெயரன்று.

ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) அவர்களின் செய்தியை எண்ணிப் பாருங்கள். கணவர் அடித்ததில் உடலில் முறிவு ஏற்பட்ட அப்பெண்மணி, சுப்ஹுத் தொழுகைக்குப் பின் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார் என அபூதாவூத் நூலில் காண்கிறோம். அண்ணலார் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. கணவரை அழைத்து, மஹராகக் கொடுத்த தோட்டங்களைப் பெற்றுக்கொண்டு பிரிந்துவிடப் பணித்தார்கள். முறையீடு செய்வது குடும்ப மானத்தைக் கெடுக்கும் செயல் என்போர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

குன்னம் வட்டத்து லெப்பைக்குடிகாடு போன்ற ஊர்களில், கணவர் வளைகுடா நாட்டில் உழைக்க, மனைவி மாமியார் வீட்டில் வாழும் நிலை பல குடும்பங்களில் உண்டு. அங்கே கொடுமை நேர்ந்தால், "வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, எனக்கு என்ன உரிமை?" என்று பெண் அஞ்சுகிறாள். "வழக்கென்று போனால் மருமகன் சிறைக்குப் போவாரே!" என்று பெற்றோர் அஞ்சுகின்றனர்.

இவ்விரு அச்சங்களுக்கும் சட்டத்தில் விடை இருக்கிறது. 2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. எல்லாச் சமயப் பெண்களுக்கும் இது பொருந்தும். அடி உதை மட்டுமன்று; இழிசொல்லும், செலவுக்குப் பணம் தராமையும் வன்முறையே. விவாகரத்துக் கேளாமலே பாதுகாப்பும், குடியிருப்பும், ஜீவனாம்சமும், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் உரிமையும் கோரலாம். இவை உரிமையியல் சார்ந்த நிவாரணங்கள். பாதுகாப்பு ஆணையை மீறினால்தான் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படும். மாமனாருக்குச் சொந்தமான வீடாயினும், அங்கு மருமகள் குடும்பமாக வாழ்ந்திருப்பின் குடியிருப்புரிமை கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 இல் தெளிவாக்கியது. தலாக்கிற்குப் பின்னரும், அதற்கு முன் நிகழ்ந்த கொடுமைக்கு நிவாரணம் கேட்கலாம் என்று 2014 இல் கூறியது.

யாரிடம் செல்வது? மாவட்டச் சமூகநல அலுவலகத்தின் வழியே பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். அவர் நடந்ததை அறிக்கையாக்கிக் குற்றவியல் நடுவருக்கு அனுப்புவார். அதன் நகல் இலவசம். பெண் தாமே நேராகவும் மனுச் செய்யலாம். வெளியூரில் வாழ்க்கைப்பட்டவர், தாய் வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் அப்பகுதி நீதிமன்றத்திலேயே மனுக் கொடுக்கலாம். வருமானம் எவ்வளவாயினும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மூலம் பெண்களுக்கு வழக்கறிஞர் உதவி இலவசமாகக் கிடைக்கும். இரவோ பகலோ 181 என்ற தொலைபேசி எண்ணை அழைக்கலாம். மருத்துவம், காவல் உதவி, சட்ட ஆலோசனை, மனநல ஆலோசனை, சில நாள் தங்குமிடம் ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ்த் தரும் 'சகி' மையங்களும் உள்ளன.

ஒன்றை மறவாதீர்கள். காயம்பட்டால் அரசு மருத்துவமனைக்குச் சென்று, காரணத்தை உள்ளபடி கூறிப் பதிவு செய்யுங்கள். "வழுக்கி விழுந்தேன்" என்ற பொய், நாளை உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். நிக்காஹ் பதிவின் நகல், குடும்ப அட்டை, நகை விவரம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றை நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள்.

ஜமாஅத் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் அவர்கள் பெண்களுக்கெனத் தனி ஜமாஅத் அமைக்க நேர்ந்தது ஏன்? ஆண்கள் மட்டுமே அமர்ந்த சபையில் பெண்ணின் குரல் கேட்கப்படவில்லை என்பதால்தானே! பஞ்சாயத்துப் பேசும்போது பெண்ணையும் அழைத்து, அவள் வாயாலேயே கேளுங்கள். உயிருக்கு ஆபத்தெனில் சமரசம் பேசிக் காலம் கடத்தாதீர்கள்.

பெற்றோர்களே! மகள் திரும்பி வரும் நாளில் கதவைத் திறந்து வையுங்கள். ஊர் என்ன சொல்லும் என்பதைவிட, நாளை மறுமையில் அல்லாஹ் என்ன கேட்பான் என்பதே பெரிது.