தொண்டைக் கிருமிக்கு வைரஸ் எமன்

பிள்ளைகளின் தொண்டைவலியைப் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்குக் காரணம் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருந்து, சிகிச்சையும் தள்ளிப்போனால், ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வுகளே பழுதாகலாம்.

இந்தக் கிருமிக்கும் ஓர் எமன் உண்டு: ஃபேஜ் எனப்படும் வைரஸ். பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு தன் மரபணுவை உள்ளே செலுத்தும். பாக்டீரியாவின் உயிர்ப்பொறிகளைக் கொண்டே தன் நகல்களைத் தயாரிக்கும். பிறகு ஒரு புரதம் உட்சவ்வைத் துளைக்க, லைசின் என்ற நொதி அந்தத் துளை வழியே போய்ச் செல்சுவரை அறுக்கும். உள்ளழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடிக்க, புதிய வைரஸ்கள் வெளியே கொட்டும்.

வைரஸே இல்லாமல் அந்த நொதியை மட்டும் வெளியிலிருந்து செலுத்தினால்? அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் ஃபிஷெட்டி குழுவினர் 2001-இல் அதைச் செய்து காட்டினர். சோதனைக் குழாயில் 10 நானோகிராம் நொதி, சுமார் 1 கோடி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை 5 விநாடிகளில் அழித்தது. வாயில் இயல்பாக வாழும் மற்ற பாக்டீரியாக்களுக்குப் பெரிய பாதிப்பில்லை. எலிகளிடமும் நல்ல பலன் கிடைத்தது.

பெனிசிலின் இன்றும் இக்கிருமியைக் கொல்கிறது, உண்மைதான். ஆனால் பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்குத் தரப்படும் எரித்ரோமைசின் வகை மருந்துகளை எதிர்க்கும் கிருமிகள் பெருகிவிட்டன. ருமாட்டிக் இதயநோய் இன்னும் ஒழியாத இந்தியா, லைசின் ஆய்வுக்கும் மனிதர்களிடையேயான பரிசோதனைக்கும் இப்போதே தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும். லாபக் கணக்குப் பார்க்கும் மருந்து நிறுவனங்கள் ஏழைகளின் நோய்க்கு முன்வரும் என்று காத்திருக்க முடியாது.