இல்லை வேறு, பூஜ்யம் வேறு!



செல்போன் செயலி எழுதப் பழகும் நம்மில் பலருக்கு முதல் தலைவலி டிக்‌ஷனரிதான். அகராதிப் புத்தகம் இல்லீங்க; சாவியும் மதிப்பும் ஜோடி ஜோடியாக இருக்கும் டிக்‌ஷனரி. சர்வரிலிருந்து ஜேசன் வடிவில் வரும் தகவலில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்கும். டிபன் கேரியர் மாதிரின்னு வெச்சுக்குங்களேன்! மேல் அடுக்கை எடுக்காமல் கீழ் அடுக்குக்குப் போக முடியாது.

'மாணவர்' என்ற சாவிக்குள் 'மதிப்பெண்', அதற்குள் 'கணிதம்'. மூன்று அடுக்கில் எதுவும் காலியாக இருக்கலாம். 78 என்ற எண்ணே மேற்கோள் குறிக்குள் வெறும் எழுத்தாக வந்து நிற்கலாம். அதனால்தான் 2014-ல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய ஸ்விஃப்ட் மொழி, சாவி கொடுத்து எதைக் கேட்டாலும் "இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்று ஆப்ஷனலாகவே கையில் தருகிறது.

நாம என்ன செய்றோம்? கம்பைலர் வாயை அடைக்க ஒரு ஆச்சரியக்குறி! கோட்லின் என்றால் இரண்டு! லேபில் மாதிரித் தகவலோடு ஓடும். ரெக்கார்டில் கையெழுத்தும் விழும். வெளியே ஓர் அடுக்கு காலியாக வந்தால் செயலி பொசுக்கென்று மூடிக்கொள்ளும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு என்பது என் கருத்து. இரண்டு கேள்விக்குறி போட்டு, "இல்லாவிட்டால் 0" என்று எழுதிவிடுவது. செயலி விழாது, ஆனால் பொய் சொல்லும். ரிசல்ட்டே வராத மாணவனுக்குக் கணிதத்தில் 0 என்று காட்டும். பரீட்சைக்கு வராதவனுக்குக்கூட 'ஆப்சென்ட்' என்றுதானே போடுகிறார்கள்?

எங்க வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவுக்குத் திரையில் இருப்பதுதான் சத்தியம். உதவித்தொகை 0 என்று பார்த்தால், "நமக்குக் கிடைக்கல போலிருக்கு" என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். சாவி இல்லாத கதையை அவர்களுக்கு யார் சொல்வது?

அப்போ 0 போடவே கூடாதா? போடலாம். ஒரு பாட்டில் எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினால், வராத சொல்லுக்கு 0 நியாயம்தான். மற்ற இடங்களில் ஒவ்வோர் அடுக்கையும் 'இஃப் லெட்' போட்டுத் திறந்து பார்ப்போம். இல்லையென்றால் "தகவல் வரவில்லை" என்றே எழுதுவோம். 2017-ல் ஸ்விஃப்ட் 4 கொண்டுவந்த 'கோடபிள்' முறையில், கட்டாயம் என்று நாம் குறித்த சாவி வராவிட்டால் அதன் பெயரைச் சொல்லியே பிழை காட்டும்.

1965-ல் 'நல்' குறிப்பைப் புகுத்திய டோனி ஹோர், 2009-ல் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று தாமே சொன்னார். அவ்வளவு பெரிய மேதைக்கே பாடம் என்றால் நமக்கு?

தோழர்களே! நாலு வரி கூடத் தட்டினால் விரல் தேயாது. இல்லாததை இல்லை என்று சொல்லும் செயலி எழுதுவோம். நம்மை நம்பும் வீட்டுக்கு நாம் செய்யும் நேர்மை அது!

– மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் பிரிவு