ஒரே ஆண்டில் மூன்று தொகை



சென்ற கோடையில் எங்கள் கிணற்றில் கன்றுக்குட்டி விழுந்துவிட்டது. பெரம்பலூர்ப் பக்கத்துக் கிணறுகளின் ஆழம் பார்த்தவர்களுக்குத் தெரியும். வந்த தீயணைப்பு வீரர்களில் ஒரு தம்பி இடுப்பில் கயிறு கட்டியதும் கைபேசியையும் பர்ஸையும் என்னிடம் நீட்டினார். "பிடிங்கய்யா, வந்து வாங்கிக்கிறேன்" என்றார். கன்று மேலே வந்து, அவரும் ஏறி வரும்வரை எனக்குச் செல்லியம்பாளையம்தான் ஞாபகம். 2020 ஜூலையில் அங்கே கிணற்றுக்குள் விஷவாயு தாக்கியவரை மீட்க இறங்கிய தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரோடு திரும்பவில்லை.

அதே 2020-இல் நடந்த வேறு மூன்று சம்பவங்களைப் பாருங்கள். ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சுட்டுக் கொல்லப்பட்ட சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனின் குடும்பத்துக்கு அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. ஆகஸ்டில் தூத்துக்குடி மாவட்டத்தில் நாட்டு வெடிகுண்டு வீச்சில் இறந்த காவலர் சுப்பிரமணியனுக்கு 50 லட்சம். நவம்பரில், தீபாவளி நாளில், மதுரையில் தீயை அணைக்கும்போது கட்டடம் இடிந்து இறந்த தீயணைப்பு வீரர்கள் சிவராஜன், கிருஷ்ணமூர்த்திக்குத் தலா 25 லட்சம். அரசு ஒன்று, முதல்வர் ஒருவர், கஜானாவும் ஒன்றே. வில்சன் குடும்பத்துக்குக் கொடுத்தது அதிகம் என்று நான் சொல்லவே மாட்டேன். மற்றவர்களுக்கு ஏன் குறைந்தது என்பதுதான் கேள்வி. துப்பாக்கியால் செத்தால் ஒரு கணக்கு, சுவர் விழுந்து செத்தால் வேறு கணக்கா? டி.வி.யில் எத்தனை நாள் ஓடியது என்று பார்த்துத்தான் தொகை போடுகிறார்களோ என்றுகூடத் தோன்றுகிறது.

இந்தத் தொகை ஏன் முக்கியம்? 2003 ஏப்ரல் 1 முதல் அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லாமல் போனது. சம்பளத்தில் 10 விழுக்காடு பிடித்தம் என்று பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் போட்டுவிட்டார்கள். ராணுவத்துக்கு மத்திய அரசு தந்த விலக்கு காக்கிக்கு வரவில்லை. ஆகவே இளம் வயதில் கணவனை இழந்த பெண்ணுக்கு அந்த அறிவிப்புத் தொகை பெரிய ஆதாரம். அதைப் போய் அன்றைய நிலவரத்துக்கு விட்டுவிடலாமா?

அமெரிக்காவில் 1976-லேயே இதற்குச் சட்டம் போட்டு, பணியில் இறக்கும் போலீஸ்காரர் குடும்பத்துக்கும் தீயணைப்பு வீரர் குடும்பத்துக்கும் ஒரே தொகை என்று 50,000 டாலர் நிர்ணயித்தார்கள். சம்பளமில்லாத் தொண்டர்களையும் அதில் சேர்த்தார்கள். நமக்கு அறிவிப்புதான்.

அரியலூர் மாவட்டம் விரகாலூரில் 2023 அக்டோபரில் பட்டாசு ஆலை வெடித்தபோது, உள்ளே வெடித்துக்கொண்டே இருந்த இடத்துக்குத்தான் தீயணைப்பு வீரர்கள் போனார்கள். போகும்போது எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டா போனார்கள்?

பெரம்பலூர், குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் சட்டமன்ற உறுப்பினர்கள் நால்வரில் ஒருவராவது அடுத்த மானியக் கோரிக்கையில் இதை எழுப்ப வேண்டும். பணியில் இறந்தால் இரு துறைக்கும் ஒரே தொகை, குடும்ப ஓய்வூதியம், வாரிசுக்கு வேலை, எல்லாவற்றுக்கும் கெடு தேதி. இத்தனையும் அரசாணையில் வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
பெரம்பலூர் மாவட்டம்